துப்பாக்கிப் புகையின் கதை: காளையார்கோவில் காட்டிலிருந்து அருவங்காடு வரை

கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் என்றதும் நமக்கு வாள், வேல், வளரி இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் போர்களில் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன. கூடவே இன்னொன்றும் இருந்தது. புகை! பத்து நிமிடம் சண்டை நடந்தால் எதிரே இருப்பவன் யார் என்றே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

அந்தப் புகையைக் குறைக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. மதுரைச் சமவெளிக்கும் நீலகிரி மலைக்கும் அதில் பங்கு உண்டு. புகை குறையக் குறைய மருந்து செய்யும் வேலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

புகை எங்கிருந்து வருகிறது?

பழைய துப்பாக்கிக்குப் போட்டது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் என்று மூன்றே பொருள். இதில் முக்கால் பங்கு வெடியுப்பு. கரி எரிய வேண்டிய பொருள், வெடியுப்பு அது எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் பொருள், கந்தகம் சீக்கிரம் பற்ற வைக்கும் பொருள்.

எரிந்து முடிந்ததும் எல்லாம் வாயுவாக மாறிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் கருமருந்தில் பாதிக்கும் குறைவான எடைதான் வாயுவாகிறது. மீதி பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற திடப்பொருளாக மிஞ்சுகிறது. குண்டைத் தள்ளுவது வாயு மட்டும்தான். திடப்பொருளில் ஒரு பகுதி நுண்ணிய தூளாக வெளியே பறக்கிறது, அதுதான் புகை. இன்னொரு பகுதி குழாயின் உள்பக்கத்தில் கரியாக ஒட்டிக்கொள்கிறது. இந்த உப்புகள் காற்றின் ஈரத்தை வேறு இழுக்கும் என்பதால் ஈரமான நாளில் புகை இன்னும் கனமாக நிற்கும்.

வியாபாரக் கணக்கில் சொன்னால், நூறு ரூபாய் முதல் போட்டு ஐம்பது ரூபாய்க்கும் மேல் கழிவாகப் போகும் தொழில் இது. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகப் போர்க்களங்கள் இந்தக் கழிவுக்குள்தான் நடந்தன.

சமவெளியில் கருமருந்துக் காலம்

கருமருந்தின் பெரிய சிறப்பு, அதை எங்கேயும் செய்யலாம் என்பது. கரி எந்த ஊரிலும் கிடைக்கும். கந்தகம் வணிகர் வழியாக வந்தது. முக்கியப் பொருளான வெடியுப்பு நம் மண்ணிலேயே இருந்தது. மாட்டுத் தொழுவம், பழைய சுவர், குடியிருப்பை ஒட்டிய உவர்மண் ஆகியவற்றில் அது பூத்திருக்கும். அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, ஆற வைத்து உப்பைப் பிரித்தார்கள். இதையே தொழிலாகச் செய்த உப்பிலியர் என்ற மக்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். வடக்கே பீகாரின் வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. ஐரோப்பாவின் போர்களில் கிளம்பிய புகையில் ஒரு பகுதி இந்திய மண்ணிலிருந்து போனதுதான்!

1763, 1764 ஆண்டுகளில் மதுரைக் கோட்டை இந்தப் புகையை நேரில் பார்த்தது. கம்பெனியின் தளபதியாக இருந்து பிறகு அதையே எதிர்த்த யூசுப் கான் என்ற மருதநாயகம், மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு கம்பெனி, ஆற்காட்டு நவாபு இருவரின் படைகளையும் தடுத்து நிறுத்தினார். பல மாதம் முற்றுகையிட்டும் கோட்டையைச் சண்டையில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்ததால்தான் அவர் பிடிபட்டார். 1764 அக்டோபர் 15 அன்று மதுரை சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

1799ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பிறகு போர் முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுந்தது. மார்ச் 31ல் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து மே 24ல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. ஊமைத்துரை அங்கிருந்து தப்பி, மதுரைக்குக் கிழக்கே சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களிடம் சேர்ந்தார். அதன் பிறகு போர் காளையார்கோவில் காட்டைச் சுற்றி நடந்தது.

திறந்தவெளியில் இரு படைகளும் வரிசையாக நின்று சுட்டால் புகை இருவரையும் ஒரே மாதிரி மறைக்கும். காட்டில் அப்படி இல்லை. முள்காட்டுக்குள் மறைந்திருந்து சுடுபவனை அவனுடைய புகையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முறை சுட்டதும் புதருக்கு மேல் வெள்ளை மேகம் எழும். பிறகு எல்லாத் துப்பாக்கியும் அந்தப் புதரை நோக்கித் திரும்பும். மறைவிடப் போர் செய்பவனுக்குக் கருமருந்து நல்ல நண்பன் அல்ல. வளரிக்கும் ஈட்டிக்கும் அந்தக் குறை கிடையாது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. மருது பாண்டியர் காலத்தில் துப்பாக்கி இருந்தும் வளரி ஏன் கைவிடப்படவில்லை என்று கேட்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

1801 அக்டோபர் 1ல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமை மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது அது. பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன. பிற்பாடு 1878ல் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் தடுத்தது. கருமருந்துக் காலத்திலேயே சமவெளி மக்களின் கையிலிருந்து துப்பாக்கி போய்விட்டது.

ஈயக்குண்டும் கொழுப்பும்

புகைக்கு மருந்து மட்டும் காரணம் அல்ல. குண்டும் ஒரு காரணம். ஈயம் மலிவு, சீக்கிரம் உருகும், எடை அதிகம், அச்சில் ஊற்றிக் குண்டாக்குவது சுலபம். அதனால் உலகம் முழுவதும் ஈயக்குண்டுதான் பயன்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் குழாயின் உள்ளே திருகுபோல வரி வெட்டிய ரைபிள் பரவலானது. வரியைப் பிடித்துக்கொண்டு குண்டு சுழன்று போவதால் குறி தப்பாது. ஆனால் கருமருந்தின் கரி அந்த வரிகளை அடைத்துவிடும். மெத்தென்ற ஈயமும் உராய்ந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: கொழுப்பு. அது கரியை இளக்கும், குண்டை வழுக்கிக்கொண்டு போகச் செய்யும்.

இந்தக் கொழுப்புதான் 1857ல் இந்தியாவையே உலுக்கியது. என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்கிறது என்ற செய்தி பரவியதும் சிப்பாய்கள் கொதித்தார்கள். அந்த ஜனவரியிலேயே அரசாங்கம் கொழுப்பு தடவாத தோட்டாவைக் கொடுத்து, தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து சிப்பாய்களே பூசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தது. நம்பிக்கை போன பிறகு அது எடுபடவில்லை. சாதி மதப் பிரச்சினையாகவே பாடப் புத்தகத்தில் படிக்கும் இந்தச் சம்பவத்துக்கு அடியில், ஈயக்குண்டையும் கரியையும் எப்படிச் சமாளிப்பது என்ற ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையும் இருந்தது.

கொழுப்பாக இருந்தாலும் மெழுகாக இருந்தாலும் சூடான வாயு பட்டால் அதுவும் புகையும். ஆனால் கருமருந்துக் காலத்தில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பெரிய புகைக்குள் சின்னப் புகை எப்படித் தெரியும்?

புகையற்ற மருந்து

1884ல் பிரான்சில் பால் வியெய் என்ற வேதியியல் அறிஞர் பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் அடிப்படையாகக் கொண்ட நைட்ரோசெல்லுலோஸிலிருந்து ஒரு புதிய மருந்து செய்தார். இது எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். பொட்டாசியம் உப்பு இல்லை, எனவே வெள்ளை மேகமும் இல்லை. வேகமும் கருமருந்தைவிட அதிகம். பிரான்சின் லெபெல் ரைபிள் 1886ல் இந்த மருந்தோடு வந்தது. மற்ற நாடுகளின் ரைபிள்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன.

1887ல் ஆல்ஃபிரெட் நோபல் நைட்ரோகிளிசரின் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். 1889ல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டீவார் இருவரும் கார்டைட் செய்தார்கள். நூல்போல இழுத்துச் செய்வதால் அந்தப் பெயர். தன் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று நோபல் தரப்பு வழக்குப் போட்டுத் தோற்றது தனிக்கதை.

கார்டைட்டில் 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, மீதி 5 பங்கு பெட்ரோலியம் ஜெல்லி. ஆமாம், வெடிப்பு வந்த உதட்டுக்குத் தடவும் அதே ஜெல்லிதான்! குழாயை வழுவழுப்பாக வைக்கும் என்று எண்ணித்தான் முதலில் சேர்த்தார்கள். ஆனாலும் கார்டைட்டின் சூடு ரைபிள் வரிகளைத் தின்றது. அதனால் 1901ல் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்தார்கள்.

வேகம் கூடியதும் ஈயத்தால் தாங்க முடியவில்லை. உருகி, கிழிந்து, வரிகளில் அப்பியது. 1880களில் சுவிட்சர்லாந்தின் எடுவார்டு ரூபின் ஈயத்துக்குச் செம்பு உறை போட்டார். உறை போட்ட குண்டுக்குக் கொழுப்பு தேவையில்லை. ஒரே அடியில் மருந்துப் புகையும் கொழுப்புப் புகையும் ரைபிளை விட்டுப் போயின.

இதன் விளைவை உலகம் தென்னாப்பிரிக்காவில் பார்த்தது. 1899ல் தொடங்கிய போயர் போரில், புகையற்ற மருந்து நிரப்பிய மௌசர் ரைபிளோடு மறைந்திருந்த விவசாயிகளை பிரிட்டிஷ் ராணுவத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. குண்டு வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. காளையார்கோவில் காட்டில் மறைந்திருந்து சுட்டவனுக்குக் கிடைக்காத வசதி நூறு ஆண்டு கழித்துப் போயர் விவசாயிக்குக் கிடைத்தது.

மலைமேல் ஒரு தொழிற்சாலை

இந்தியாவிலிருந்த பெரிய படைக்கு ஒவ்வொரு முறையும் இங்கிலாந்திலிருந்து கார்டைட் கொண்டுவர முடியாது. அதற்காக பிரிட்டிஷ் அரசு இடம் தேடியபோது அமைந்தது மதுரைக்கு வடமேற்கே நீலகிரியில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் உள்ள அருவங்காடு. 1903ல் அங்கே கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதற்கு மின்சாரம் தர அருகிலுள்ள காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. மலை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அருவங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் ஊட்டிக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். கருமருந்துக்கு உவர்மண், கரியடுப்பு, உரல் போதும். கார்டைட்டுக்கு அடர் நைட்ரிக் அமிலம், கந்தக அமிலம், நைட்ரோகிளிசரின், அசிட்டோன், மின்சாரம், குளிர்ச்சியான கட்டடம், வேதியியல் நிபுணர்கள் எல்லாம் வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் தொழிற்சாலையே பறந்துவிடும். முதலீடு போட அரசாங்கத்தால் அல்லது பெரிய கம்பெனியால்தான் முடியும். காமர்ஸ் பாடத்தில் தொழில் நுழைவுத் தடை என்று படிப்போமே, அதேதான். 1801ல் ஆயுதத்தைப் பறிக்க ஆளுநரின் அறிவிப்பு தேவைப்பட்டது. புகையற்ற மருந்து வந்தபின் தொழில்நுட்பமே அந்த வேலையைச் செய்தது. ஒரு கிராமம் நினைத்தாலும் தன் மருந்தைத் தானே செய்துகொள்ள முடியாது.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றபோது அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். இப்படித் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் புகையற்ற மருந்து இல்லாமல் சாத்தியமே இல்லை. கருமருந்தின் கரி சில தோட்டாக்களிலேயே அதன் நுண்ணிய பாகங்களை அடைத்துவிடும். பாளையக்காரர்களின் மண்ணில் அரசை எதிர்த்தவர்கள் ஆயுதத்துக்குக் கடல் கடந்த தொழிற்சாலையை நம்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

அருவங்காடு தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்துக்கு உந்துமருந்து செய்தது. 2021 அக்டோபர் 1ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது.

பிஸ்டலில் மிஞ்சிய புகை

ரைபிள் உறை போட்ட குண்டுக்கு மாறிவிட்டது. ஆனால் பிஸ்டல், ரிவால்வரில் ஈயக்குண்டு தொடர்ந்தது. அவற்றின் வேகம் குறைவு, ஈயம் தாங்கும். விலையும் குறைவு. பிரிட்டிஷ் அதிகாரிகளின் வெப்லி ரிவால்வரில் கார்டைட் மருந்தும் ஈயக்குண்டும் சேர்ந்தே இருந்தன. .38 ரிவால்வரின் ஈயக்குண்டை உறை போட்ட குண்டாக மாற்றியது 1930களின் கடைசியில்தான். உடலுக்குள் விரியும் குண்டுகளை 1899 ஹேக் மாநாடு தடை செய்திருந்ததே அதற்குக் காரணம், புகை அல்ல.

விளையாட்டிலும் ஈயம் நிலைத்தது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பலரும் பயன்படுத்துவது .32 தோட்டா. அதில் முகம் தட்டையான ஈயக்குண்டு, காகித இலக்கில் சுத்தமான வட்ட ஓட்டை போடும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் போட்டியாளர்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். தோட்டாவில் விலை அதிகமான பாகம் அந்தக் கூடுதான் என்பதால் செலவு மிச்சம். அதிலும் செலவைக் குறைக்க ஈயக்குண்டு. அங்கேதான் பழைய பிரச்சினை திரும்ப வந்தது: புகையற்ற மருந்து போட்டும் ஏன் புகைகிறது?

பலரும் மருந்தைச் சந்தேகித்தார்கள். உண்மையில் பெரும்பாலான புகை, குண்டின் பள்ளங்களில் நிரப்பிய மெழுகிலிருந்து வந்தது. தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த மிருதுவான பூச்சு அதிகமாகப் புகையும், கெட்டியான மெழுகு குறைவாகப் புகையும். தேவைக்கு மேல் பூசினாலோ, குண்டின் அடிப்பாகத்தில் பட்டாலோ வாயு நேராக அதை எரிக்கும். மெழுகுக்குப் பதில் குண்டு முழுவதும் பாலிமர் பூச்சு அல்லது மெல்லிய செம்பு முலாம் கொடுத்தபோது புகை பெருமளவு குறைந்தது. அழுத்தம் போதாமல் மருந்து அரைகுறையாக எரிந்தாலும் புகை வரும் என்பது உண்மை. ஆனால் அதற்காக மருந்தைக் கூட்டுவது துப்பாக்கியையே வெடிக்க வைக்கும் வேலை.

இந்தியாவில் இதற்கெல்லாம் இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

தெரியாத புகை

கண்ணில் படும் புகை போனதும் கண்ணில் படாதது கவனத்துக்கு வந்தது. அடிப்பாகம் திறந்த ஈயக்குண்டின் மீது சூடான வாயு பட்டு நுண்ணிய ஈயத் துகள் காற்றில் கலக்கிறது. தோட்டாவைப் பற்றவைக்கும் கேப்பிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத உள்ளரங்கில் பயிற்சி செய்பவர்கள், பயிற்சி தருபவர்கள், தரையைப் பெருக்குபவர்கள் எல்லோர் இரத்தத்திலும் இது சேரும். ஈயம் இல்லாத கேப்பும், அடிப்பாகமும் மூடிய குண்டும் இதனால்தான் வந்தன.

கருமருந்து நம் சமவெளியை விட்டு முழுவதுமாகப் போய்விடவில்லை. கோயில் திருவிழா வேட்டிலும் சிவகாசிப் பட்டாசிலும் இன்னும் இருக்கிறது. 1922ல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ல் ஊர் திரும்பி ஆரம்பித்த தொழில், பிறகு பட்டாசுக்கும் விரிந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே என்று உத்தரவிட்டபோது, நாக்பூரிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் துகள்களைக் குறைந்தது 30 சதவீதம் குறைக்கும் கலவைகளை உருவாக்கியது. அதைப் பயன்படுத்த ஒவ்வொரு ஆலையும் பதிவு செய்ய வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும். பெரிய ஆலைக்கு அது ஒரு செலவுக் கணக்கு. சின்ன ஆலைக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அருவங்காட்டில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. புகை குறையும்போது அந்தத் தொழில் யார் கையில் மிஞ்சப் போகிறது? உவர்மண்ணில் வெடியுப்பு காய்ச்சியவர்களிடம் அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. சிவகாசியின் சின்ன ஆலைத் தொழிலாளிகளிடமாவது கேட்பது நல்லது.